தெற்கே விழுந்த நிழல்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாஹேக்கு ரயிலேறப் போவதாக எழுதியிருக்கிறாய். தங்கராசு சாரின் விலாசம் கிடைத்துவிட்டதாம், நேரில் போய்க் காலில் விழுந்து அழைக்கப் போகிறாயாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் இன்றைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரியனையும் பூமியையும் பற்றிப் பாடம் எடுக்கிறேன் என்றால், அதற்கு அவர் ஒருத்தர்தான் காரணம்" என்று ஒரு வரி எழுதினாய் பார், அதை நான் ஏழெட்டுத் தடவை படித்தேன். ஒருத்தர்தான். உன்னைப் பெற்றவளும் அவர் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில், அதே ஏழாம் வகுப்புக்கு, அதே பாடத்தை நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தத் 'தான்' போடும்போது உனக்கு ஞாபகம் வரவில்லை.

கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல மனுசன்தானே டீச்சரம்மா, வரட்டுமே" என்றார். "வர வேணாம்னு இங்க யாரு சொன்னா?" என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி எழுந்து நின்றது. உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

நீ மாஹேக்குப் போவதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அவர் வாயால் உனக்குத் தெரிவதைவிட என் கையால் தெரிவது மேல். அது அவருக்கே தெரியுமா தெரியாதா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நீ அவர் எதிரே உட்காரும்போது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் படித்தபின் உன் கல்யாணத்தில் என்னை எங்கே நிறுத்துவது என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது பட்டினத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரே பிரிவுதான். அதனால் வேறு வழியில்லாமல் நீ என் வகுப்பில் இருந்தாய். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று உனக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். ஜூலை மாதம், புத்தகத்தில் திசைகள் பாடம். "நண்பகலில் நிழல் எந்தத் திசையில் விழும்?" என்று கேட்டேன். "வடக்கு, டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நீ மட்டும் எழுந்து நின்று, "இல்ல டீச்சர், தெக்கால விழுது" என்றாய். "புஸ்தகத்துல என்னா போட்டுருக்கு?" என்றேன். "புஸ்தகத்துல வடக்குன்னுதான் போட்டுருக்கு. ஆனா தெக்கால விழுது டீச்சர்" என்றாய். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. கையை நீட்டச் சொல்லி அடிஸ்கேலால் மூன்று போட்டேன். நூறு தடவை 'வடக்கு' என்று எழுதி வரச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ எழுதி முடித்துவிட்டாய். கடைசி வரியில் எழுத்து கோணலாக இருந்ததற்கும் உன்னைத் திட்டினேன்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு மத்தியானம் மணி அடித்ததும் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்தேன் தெரியுமா? கட்டடத்துக்குத் தெற்கே, சுவரை ஒட்டி. அங்கேதான் அந்த மாதங்களில் ஒரு முழத்துக்கு நிழல் இருக்கும். பிள்ளைகளும் அங்கேதான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு காலை மடக்கி வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தை மாதத்தில் எல்லோரும் வடபக்கம் மாறிவிடுவோம். பத்துப் பதினைந்து வருஷம் அந்தத் தெற்கு நிழலில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய் வடக்கு வடக்கு என்று பாடம் நடத்தியிருக்கிறேன். கடல் கிழக்கே இருக்கிற ஊரில் திசை தெரியாதவர் யாரும் இல்லை. நிழலைத்தான் நான் பார்க்கவில்லை.

நீ ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பிள்ளைகள் அதிகமாகி இரண்டு பிரிவாக்கினார்கள். 'ஏ' பிரிவு எனக்கு. 'பி' பிரிவுக்குப் புதிதாக வந்த தங்கராசு சார். சொந்தப் பிள்ளை வேண்டாம் என்று நானே ஹெட்மாஸ்டரிடம் கேட்டு உன்னை 'பி' பிரிவில் போடச் சொன்னேன். நன்றாகத்தான் செய்தேன்! அம்பகரத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார் அவர். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டும் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும். கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க அந்தக் குண்டு. முதல் வாரமே கேலி பண்ணினேன், "சாரு வீடு கட்டப் போறாரா, பாடம் நடத்தப் போறாரா?" என்று. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே வெறும் தட்டிதான். ஏழாம் வகுப்புப் புத்தகத்திலும் அந்தத் திசைப் பாடம் இருந்ததால் அது அவருக்கும் வந்தது. நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "சாப்பாட்டு மணி அடிச்சா எங்கடா போயி உக்காருவீங்க?" என்று கேட்டார். "கட்டடத்துக்குத் தெக்கால சார்!" "தை மாசத்துல?" "வடக்கால சார்!" "ஏன் மாறி உக்காரணும்?" உன் குரல்தான் கேட்டது. "நெழலு மாறுது சார். இப்ப சூரியன் நமக்கு வடக்கால போயிருச்சு." அவர் உடனே 'சரி' என்று சொல்லவில்லை. "வாங்க, போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார். நாற்பது பிள்ளைகள் எழுந்து ஓடும் சத்தம் தட்டி வழியாக என் முகத்தில் அடித்தது.

அன்று மாலை நீ வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை என்னைக் குத்திக் காட்டவில்லை. அதற்குப் பதில் ஆரம்பித்தாய், 'சாரு சொன்னாரு' புராணத்தை. சாரு சொன்னாரு, டில்லியில வருசம் பூரா நெழலு வடக்காலதான் விழுமாம், அதான் புஸ்தகத்துல அப்புடி எழுதிட்டாங்களாம். சாரு சொன்னாரு, நம்ம ஊரு மண்ணத் தோண்டுனா களிக்குக் கீழ மணலு, மணலுக்குக் கீழ களி, ஆறு எத்தன தடவ வந்து போச்சுன்னு அதுல எண்ணிப் பாக்கலாமாம். சோறு போட்டால் சாரு, தலை வாரினால் சாரு. பிறந்ததிலிருந்து வளர்த்தவள் நான், ஐந்தாறு வாரம் பாடம் எடுத்தவர் அவர். எனக்குப் பொறாமை தம்பி. அழகான வேறு பெயர் வைக்கப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. மறுநாளிலிருந்து தெற்குச் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். தகரக் கூரை போட்ட ஆசிரியர் அறையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்த ஆகஸ்ட் மாதம், கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டே கால் மணிக்குச் சற்று முன்னால் நான் 'ஏ' பிரிவில் பாறை வகைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே 'பி' பிரிவு முழுவதும் கொடிக்கம்பத்தைச் சுற்றி வட்டமாக நின்றது. ஜூலையில் தெற்கே நாலடி நீண்ட கம்பத்தின் நிழல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்ததைக் குச்சி நட்டு நட்டு அளந்து நோட்டில் குறித்து, இன்றைக்கு நிழலே இருக்காது என்று நீங்கள் கணக்குப் பண்ணி வைத்திருந்தீர்கள். திடீரென்று ஒரு கூச்சல். "காணும்! காணும்!" என் வகுப்புப் பெண் ஒருத்தி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "டீச்சர், கம்பத்துக்கு நெழலு இல்ல டீச்சர்!" என்றாள். "உக்காரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே எழுந்து ஓடிவிட்டது. சாக்பீஸோடு காலி பெஞ்சுகளுக்கு நடுவே நான் ஒருத்தி நின்றேன்.

ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் கம்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ சாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு பார்வையை நீ ஒரு நாளும் என்னைப் பார்த்ததில்லை. காய்ச்சலில் நாலு நாள் உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுகூட இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்த மீன்காரம்மா, அவள் பெண் என் வகுப்புதான், கூடையை இறக்கி வைக்கும்போதே கேட்டாள், "ஏன் டீச்சர், பக்கத்து கிளாசு சாரு சூரியனையே புடிச்சுத் தலைக்கு மேல நிறுத்திப்புட்டாராமே?" அன்றைக்கு நான் மீனே வாங்கவில்லை.

செப்டம்பரில் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரித்தார். என் முறை வந்தது. "பக்கத்து வகுப்பு எப்படி நடக்குது?" என்று சும்மாதான் கேட்டார். நான் சொன்னேன், "புள்ளைங்கள உச்சி வெயில்ல நிறுத்துறாரு சார். புஸ்தகத்துல இருக்குறது தப்புன்னு சொல்லிக் குடுக்குறாரு. பக்கத்துல எனக்கு வகுப்பு நடத்த முடியல." மூன்றும் உண்மை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதனைக் கெடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். "எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். முழுத்தாளில், ஓரம் விட்டு, மணி மணியான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் அவ்வளவு அழகாக வேறு எதையும் எழுதியதில்லை.

அந்த வருஷத்துப் புயல் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டு ஓடுகள் பறந்து, கொடிக்கம்பம் அடியோடு சாய்ந்து கிடந்த வாரத்தில்தான் அவருக்கு மாஹேக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நம் சர்க்காரின் கீழேயே இருந்தாலும் மாஹே மலையாளக் கரை, ஏனாம் தெலுங்குக் கரை; நம் பக்கத்து வாத்தியார்களுக்கு அந்த இரண்டும் என்றாலே தண்டனை என்றுதான் அர்த்தம், அது உனக்கும் தெரியும். அவர் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். பாஷை தெரியாத ஊருக்கு அவர் தனியாகப் போனார். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஹெட்மாஸ்டருதான் போட்டுக் குடுத்துட்டாரு" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டீர்கள். நீ அந்த மனுஷருக்கு அதற்கப்புறம் வணக்கமே சொல்லவில்லை, அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டபோதுகூட வெளியே நின்றாய். அவர் ஒரு பாவமும் அறியாதவர். தங்கராசு சாருக்காக மேலிடத்தில் போய்க் கெஞ்சிப் பார்த்ததே அவர்தான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு உன்னைத் திருத்தாமல் இருந்தேன்.

கிளம்புகிற அன்று தங்கராசு சார் ஆசிரியர் அறைக்கு வந்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்து அந்தத் தூக்குக்குண்டை மேசை மேல் வைத்தார். "தம்பி நெழல் நோட்டு எழுதுறான் டீச்சர். நடுவுல விட்ராம நீங்க பாத்துக்குங்க. நல்ல கண்ணு அவனுக்கு" என்றார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அவர் முகத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்து உன்னிடம், "வா, நாம ரெண்டு பேரும் சேந்து அளப்போம்" என்றேன். நீ நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஒனக்குத் தெரியாதும்மா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்வது போலச் சொன்னாய்.

மறு வருஷம் ஆகஸ்ட் கடைசியில் மாஹேயிலிருந்து ஒரு கார்டு வந்தது. உன் பெயருக்கு, பள்ளிக்கூட விலாசத்தில். தபால்காரர் என் கையில் கொடுத்தார். கார்டுதானே, படித்தேன். "தம்பி, இங்கே கொடி ஏற்றி ஏழாம் நாளே நிழல் மறைந்துவிட்டது, மணி பன்னிரண்டரை. அங்கே எத்தனையாம் நாள், எத்தனை மணிக்கு? இரண்டையும் வைத்துப் பூமியைப் பற்றி நாம் ஒரு கணக்குப் போடலாம். உடனே எழுது." நீ அடுத்த அறையில்தான் இருந்தாய். 'ஒனக்குத் தெரியாதும்மா' என்று சொன்ன வாயால் "சாரு கார்டு போட்டுருக்காரு" என்று நீ துள்ளிக் குதிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கைப்பையில் வைத்தேன். பிறகு புடவைப் பெட்டிக்குப் போனது. அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று. மூன்றிலும் அதே கேள்விதான். மூன்றாவது கார்டில், "மறந்துவிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. அதற்கப்புறம் வரவில்லை. அவர் உன்னை மறந்துவிட்டார் என்று நீ பத்தாம் வகுப்பு வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாய். மறக்கவில்லை. மூன்றும் இந்தக் கவரில் இருக்கின்றன.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். முதல் கார்டு வந்ததற்கு அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் நான் அளக்கிறேன். கேள்வியை ஒளித்து வைத்தவளுக்குப் பதில் தெரியாமல் தூக்கம் வரவில்லை, என்ன செய்ய? புதுக் கொடிக்கம்பம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது என்று மூங்கில் கழி ஒன்றை நட்டு, அவருடைய குண்டைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்ப்பேன். முதல் வருஷம் தனியாக. அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. அதிகாரியிடம் நான் குற்றமாக எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் நானே செய்தேன். உச்சி வெயிலில் நிறுத்தினேன், புத்தகம் தப்பு என்றேன், பக்கத்து வகுப்பை நடக்கவிடாமல் செய்தேன். என்னை யாரும் மாற்றவில்லை. "டீச்சர் மாதிரி யாராலயும் பாடம் நடத்த முடியாது" என்று இன்றைக்குப் பட்டினத்தில் பேர் வாங்கியிருக்கிறேன். அது அவர் பாடம். அந்தப் பேரை வாங்கும்போதெல்லாம் அவர் மேல் இன்னும் கொஞ்சம் பொறாமைதான் வந்தது, அது ஏன் என்று கேட்காதே. நீ எட்டாம் வகுப்பு முடித்து ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் இதெல்லாம் நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நீயும் இப்போது வகுப்பில் நிற்கிறாய், அதனால் அம்மாவாக ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை எழுந்து நின்று புத்தகத்துக்கு மாறாக ஏதாவது சொன்னால், அடிஸ்கேலைத் தேடாதே, வாசலைத் தேடு. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வா. அவன் சொன்னது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நடந்துவிட்டு வந்தாய் என்று இருக்கட்டும். பக்கத்து வகுப்பில் உன்னைவிட நன்றாக ஒருத்தர் பாடம் எடுத்தால் உனக்கு எரியும். எரியாது என்று நினைக்காதே, என் ரத்தம் உனக்கும் ஓடுகிறது. எரியும்போது கையில் பேனா மட்டும் இருக்க வேண்டாம்.

மாஹேக்குப் போ. நான் எழுதிக் கொடுத்ததை அவரிடம் சொல்லு, நான் சொல்லச் சொன்னதாகவே சொல்லு. கல்யாணத்துக்கு வரச் சம்மதித்தாரானால், வாசலில் அவருக்குச் சந்தனம் கொடுப்பது நானாக இருப்பேன், எல்லோர் எதிரிலும் என் வாயாலும் ஒரு தடவை சொல்வேன். வர மாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான். பழைய ஹெட்மாஸ்டர் சுரக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பத்திரிகை வைக்க நானும் உன்னோடு வருகிறேன். இத்தனை வருஷம் சொல்லாத வணக்கத்தை நீ அங்கே சொல்லிவிட வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவள் நான்.

கார்டுகளுக்கான பதிலையும் கொண்டுபோ. அவர் கேட்டு அத்தனை வருஷம் ஆகிறது. நம் ஊரில் கொடி ஏற்றிய ஒன்பதாம் நாள், மணி பன்னிரண்டு பதின்மூன்று. பதினோரு வருஷத்தில் மூன்று வருஷம் மேகம் மூடிவிட்டது, மற்ற எட்டிலும் பார்த்தேன், இந்த வருஷமும் சேர்த்து. தேதி, மணி எல்லாம் உன் பழைய நிழல் நோட்டில், நீ விட்ட பக்கத்திலிருந்தே தொடர்ந்து எழுதியிருக்கிறேன். நோட்டைப் பார்சலில் தனியாக அனுப்புகிறேன். அவர் அதைப் புரட்டும்போது நடுவில் கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். யார் அளந்தது என்று உன்னைக் கேட்பார். நீயே அளந்ததாகச் சொல்லிவிடாதே தம்பி. அம்மா அளந்தது என்று சொல்.

அம்மா